ரேடியோவிலிருந்து பிரேக் வரை

2015இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நெடுஞ்சாலையில் ஒரு ஜீப் செரோக்கி மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஆண்டி கிரீன்பெர்க் என்ற பத்திரிகையாளர். அவர் எதையும் தொடாமலேயே ஏசி சீறியது, ரேடியோ அலறியது, வைப்பர் ஆடியது. பிறகு ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, ஒரு வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவரின் வேலை அது. கிரீன்பெர்க் சம்மதித்து நடந்த சோதனைதான்.

இருவரும் போன வழியை ஊன்றிப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தனியாக, ரேடியோவைத் தனியாகச் சோதித்தால் இந்த ஆபத்து கண்ணிலேயே படாது.

அந்த ஜீப்பின் தொடுதிரைக்குப் பின்னால் இருந்த கணினி, செல்பேசி வலையமைப்போடு இணைந்திருந்தது. அதில் ஒரு வாசல் கடவுச்சொல் கேட்காமல் திறந்து கிடந்தது. ஆனால் அதற்குள் நுழைபவர் பாட்டை மாற்றலாம், ஏசியைக் கூட்டலாம், அவ்வளவுதான். எஞ்சினும் பிரேக்கும் பேசிக்கொள்ளும் உள்வலைக்கும் இந்தக் கணினிக்கும் நடுவே ஒரு சிப் இருந்தது. உள்வலைச் செய்திகளைக் கேட்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் தனக்குள் ஏற்றப்படும் மென்பொருள் தயாரிப்பாளர் தந்ததுதானா என்று அது சரிபார்க்கவில்லை. இருவரும் அதை மாற்றி எழுதினார்கள். கேட்டுக்கொண்டிருந்த சிப் பேசத் தொடங்கிவிட்டது.

அந்த உள்வலையின் பெயர் கேன் பஸ். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1980களில் உருவாக்கியது. அதில் ஒரு பாகம் அனுப்பும் செய்தி எல்லாப் பாகங்களுக்கும் கேட்கும். அனுப்பியது யார் என்பதற்குச் சான்று எதுவும் இருக்காது. இணையமே எட்டாத கார்களுக்காக வந்த ஏற்பாடு அது. அன்றைக்கு அது குறையும் இல்லை.

ஜீப் சோதனை வெளியானதும், தயாரிப்பாளர் 14 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

2021இல் வந்த ஐஎஸ்ஓ 21434 தரநிலை, வடிவமைக்கும்போதே இப்படி வழிதேடச் சொல்கிறது. செல்பேசி இணைப்பு, புளூடூத், சாவியில்லாப் பூட்டு, டயர் அழுத்த உணரி, பழுதறியும் செருகுமுனை, செல்பேசிச் செயலி என ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஸ்டீயரிங், பிரேக் வரை கோடு இழுத்து, எங்கே தடுப்பு இல்லை என்று பார்க்கிறார்கள். பிறகு விளைவு எவ்வளவு கொடியது, தாக்குவது எவ்வளவு எளிது என்று எடை போடுகிறார்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்குப் பெரிய கவலை. 2013இல் இதே இருவர் காருக்குள் உட்கார்ந்து, கம்பி செருகி ஒரு டொயோட்டா பிரியஸை ஆட்டிவைத்தார்கள். உள்ளே ஏறாமல் இதைச் செய்ய முடியாதே என்று தயாரிப்பாளர்கள் அதை ஒதுக்கினார்கள். இரண்டே ஆண்டில் உள்ளே ஏறும் தேவை போய்விட்டது.

வாசல் என்று யாரும் எண்ணாத இடமும் வாசலாகிறது. 2022இல் லண்டனில் ஒரு வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த ரேவ்4 காரே களவு போனது. திருடர்கள் பம்பரை விலக்கி ஹெட்லைட் கம்பியைத் தொட்டார்கள். அதுவும் கேன் பஸ்ஸின் கிளைதான். சரியான சாவி வந்துவிட்டது என்ற பொய்ச்செய்தியை அதில் அனுப்பினால் கதவு திறந்துகொள்ளும்.

ஐக்கிய நாடுகளின் வாகன விதி 155, விற்ற பிறகும் தாக்குதல்களைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் எல்லாம் இதற்கு உட்பட்டவை. அதற்கு முன்பே விற்று, சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வடிவமைப்பு வண்டிகள் இந்த விதிக்குள் வருவதில்லை.