விழாமலே உடையும் முட்டிச் சில்லு!

‘கீழேயே விழலையே... அப்புறம் எப்படி எலும்பு உடையும்?’ என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால், எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் உள்ளவர்கள் படியில் தடுமாறி, விழாமல் சமாளித்து நின்றால்கூட முட்டிச் சில்லு ‘படக்’கென்று இரண்டாகிவிடலாம்!

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர், ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா’. சுமார் 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. எலும்பு, கான்கிரீட் தூண் மாதிரி. கால்சியம்தான் சிமென்ட், கொலாஜன் என்ற புரதம்தான் உள்ளே இருக்கும் கம்பி. மரபணுக் கோளாறால் அந்தக் கம்பியே பலவீனமாகிவிடுகிறது. அதனால், கால்சியம் மாத்திரையால் மட்டும் இது சரியாகாது.

லேசான வகை உள்ளவர்களுக்குச் சின்ன வயதில் அடிக்கடி எலும்பு முறியும். பருவ வயதுக்குப் பிறகு குறைந்துவிடும். ‘இனி பயமில்லை’ என்று மறந்தே போவார்கள். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் தொல்லை மறுபடி தலைகாட்டலாம்.

முட்டி ஏன் உடைகிறது?

முட்டிச் சில்லு, தொடைத் தசையின் நாணுக்குள் பதிந்திருக்கிறது. தடுமாறும்போது தசை வெடுக்கென்று இழுக்கும். பலமான எலும்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நொறுங்கும் எலும்பு பிய்ந்துவிடும். முழங்கை முனையும் இப்படி உடைவதுண்டு.

எப்படித் தெரியும்?

முட்டி வீங்கும். படுத்தபடி, காலை மடக்காமல் தூக்கச் சொன்னால் முடியாமல் போகலாம். உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ‘சுளுக்குதான்’ என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள்!

சிகிச்சை

துண்டுகள் விலகாவிட்டால், சில வாரங்கள் மாவுக்கட்டு போதும். விலகியிருந்தால் ஆபரேஷன். வழக்கமாகக் கம்பி போட்டு இறுக்குவார்கள். மெலிந்த எலும்பைக் கம்பி அறுத்துவிடலாம் என்பதால், கூடுதல் கவனம் தேவை. ரொம்ப நாள் படுத்தே இருந்தால் எலும்பு இன்னும் மெலியும். டாக்டர் சொன்னதும் பிசியோதெரபியைத் தொடங்கிவிட வேண்டும்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்:

* சின்ன வயதில் எத்தனை முறை எலும்பு முறிந்தது?
* கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பாய்ந்திருக்கிறதா?
* இளம் வயதிலேயே காது மந்தமானதா?
* பல் சீக்கிரம் தேய்கிறதா, உடைகிறதா?
* பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இப்படி இருக்கிறதா?

பரவலாகக் காணப்படும் வகைகளில், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவிகித வாய்ப்பு உண்டு. ஆகவே, ஒரு முட்டியின் எக்ஸ்ரே முழுக் குடும்பத்தையும் உஷார்படுத்தலாம்!