கொங்கு நாட்டுத் தட்டில் லெபனானும் பிரான்சும்

பெய்ரூட் கடற்கரையில் லெபனான் உணவும் பிரெஞ்சு உணவும் ஒரே மேசைக்கு வருவது யாருக்கும் புதுமையாகத் தெரியாது. முதல் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசு சிதைந்த பிறகு லெபனான் பிரான்சின் பிடிக்குள் போனது. 1920இல் தொடங்கிய அந்தக் காலம் 1943 நவம்பரில் நாடு விடுதலை பெறும்வரை நீடித்தது. கொண்டைக்கடலை, எள், எலுமிச்சை, பூண்டு என்று உள்ளூர்ச் சமையல் ஒரு பக்கம். வெண்ணெய், முட்டை, சாஸ் என்று பிரெஞ்சுச் சமையல் மறுபக்கம். இரண்டும் அங்கே அடுத்தடுத்து வளர்ந்தன. நமக்குப் பக்கத்தில் இப்படியொரு கடற்கரை ஊர் புதுச்சேரி. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பிறகும் பிரெஞ்சு உணவு அந்த ஊரை விட்டுப் போகவில்லை. கோவைக்குக் கடலும் கிடையாது, பிரெஞ்சு ஆட்சியும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு சமையல்களும் கலக்கும் ஓர் உணவு, பொழுது சாய்ந்ததும் காந்திபுரத்தில் தொடங்கி ஈரோடு, நாமக்கல் வரை சுடச்சுட விற்கிறது. அதுதான் ஷவர்மா. கம்பியில் சுழலும் இறைச்சி லெபனான் வழி வந்தது. அதன் மேல் தடவும் மயோனைஸ் பிரெஞ்சுச் சமையலறை தந்தது. இரண்டின் ருசியையும் நாம் வாங்கிக்கொண்டோம். சமைக்கும் ஒழுங்கை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஒழுங்கையும் கற்றுக்கொண்டாக வேண்டும். அதற்கு வேண்டிய பொருளில் பெரும்பகுதி கொங்கு மண்ணிலும் அதை ஒட்டிய மலைகளிலுமே கிடைக்கிறது.

ஷவர்மாவின் மூதாதை துருக்கியின் டோனர் கபாப். 19ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் நிலப்பரப்பில், இறைச்சியைச் செங்குத்தான கம்பியில் குத்திச் சுடும் முறை பரவியது. லெபனான், சிரியா பகுதிகளில் அது ஷவர்மா ஆனது. 1970களில் எண்ணெய் வளத்தால் வளைகுடா நாடுகள் செழித்தபோது, அங்கே லெபனான்காரர்கள் உணவகம் நடத்தப் போனார்கள். கேரளத்தார் வேலைக்குப் போனார்கள். ஊர் திரும்பியவர்களோடு ஷவர்மாவும் கேரளத்துக்கு வந்தது. பாலக்காட்டுக் கணவாய் அதைக் கோவையில் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கம்பியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் எங்கே தவறு நேர்கிறது என்பது புரியும். எலும்பு நீக்கிய கோழித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி, பக்கவாட்டு பர்னர் முன்னால் சுழல விடுகிறார்கள். சூடு வெளிப்புறத்திலிருந்து உள்ளே மெதுவாகத்தான் ஏறும். வெந்த மேலடுக்கை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவிய இடம் மறுபடி வேகும்வரை பொறுக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் கத்தி ஆழமாக இறங்கிவிடுகிறது, அரைவேக்காட்டு இறைச்சி பார்சலில் போகிறது. கூட்டம் குறைந்தால் கேஸ் மிச்சப்பட வேண்டும் என்று தீயைக் குறைக்கிறார்கள், உள்ளடுக்கு வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் நிற்கிறது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும் என்பது உணவுப் பாதுகாப்பின் அரிச்சுவடி. கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால்தான் சால்மோனெல்லா போன்றவை அழியும்.

மயோனைசின் கதையும் ஏறக்குறைய இதுதான். முட்டையின் மஞ்சள் கருவை அடித்துக்கொண்டே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் மயோனைஸ் திரளும். கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் அந்த முட்டை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. புளிப்பின் அளவு குறைந்து, கலவை வெயிலில் கிடந்தால், முட்டையோடு வந்த கிருமி அதில் பல மடங்காகும். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருவர் இறந்தார். 2023 ஜனவரியில் கேரள அரசு பச்சை முட்டை மயோனைசைத் தடை செய்தது. பார்சலில் எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் துயரம் நம் ஊருக்கே வந்தது. நாமக்கல்லில் ஓர் உணவகத்தின் ஷவர்மா உள்ளிட்ட உணவுகளைச் சாப்பிட்ட 40க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 14 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. எல்லா நிகழ்விலும் மயோனைஸ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேகாத இறைச்சி, கெட்டுப்போன இறைச்சி, கழுவாத கத்தி என எதுவாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குறை: உணவுக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு என்பதை மறந்த வியாபாரம்.

இதற்கு விடை லெபனான் சமையலிலேயே இருக்கிறது. அங்கே கோழி ஷவர்மாவுக்குக் கூட்டு மயோனைஸ் அல்ல, தூம் என்ற பூண்டுக் கலவை. பூண்டுப் பற்களை நறுக்கி, நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுத்துவிட்டு, உப்போடு நைய இடிக்கிறார்கள். பசையானதும் எண்ணெயை நூல்போல விட்டு அடிக்கிறார்கள், இடையிடையே எலுமிச்சைச் சாறு. அவசரப்பட்டு எண்ணெயை ஊற்றினால் திரிந்துவிடும். பொறுமையாகச் செய்தால் வெண்ணெய்போல வெளேரென்று பொங்கி வரும். சில கடைகளில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்ப்பதுண்டு. பழைய முறைக்கு அது தேவையே இல்லை. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஷவர்மாவுக்கு எள்ளை அரைத்து எலுமிச்சை கலந்த தஹினி சாஸ். அதே எள் விழுதோடு வேகவைத்த கொண்டைக்கடலையை அரைத்தால் ஹம்மூஸ். இந்தப் பட்டியலை நம் சந்தைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீலகிரிப் பூண்டு ஏலத்துக்கு வருவது மேட்டுப்பாளையத்தில். ஈரோடு மாவட்டச் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் மூட்டை மூட்டையாக விலைபோகிறது. கறிக்கோழிக்குப் பல்லடம், முட்டைக்கு நாமக்கல். எள்ளை ஆட்டி நல்லெண்ணெய் எடுப்பதில் தலைமுறை அனுபவம் உள்ள மண், அதே எள்ளை விழுதாக்கி விற்க முடியாதா? பச்சை முட்டை மயோனைசைக் கைவிடுவதால் நாமக்கல் பண்ணையாளருக்கு நட்டம் என்றும் அஞ்ச வேண்டியதில்லை. பாஸ்டரைஸ் செய்த முட்டையில் மயோனைஸ் செய்யத் தடையில்லை. அந்த வசதி பெருகினால் முட்டைக்குப் புதிய சந்தையே திறக்கும்.

அந்நிய உணவே வேண்டாம், ஷவர்மாவை ஒழித்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு குழந்தையை இழந்த ஊரில் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மிளகாயும் தக்காளியும் கடல் தாண்டி வந்தவைதான். கெட்டுப்போனால் நம் பிரியாணியும் நஞ்சுதான். கெடுவதற்கும் பிறந்த நாட்டுக்கும் தொடர்பில்லை. பிரெஞ்சுக்காரர்கள் காலங்காலமாகப் பச்சை முட்டை மயோனைஸ் சாப்பிடவில்லையா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். சாப்பிடுகிறார்கள்; ஆனால் முறையான சமையலறையில் அது தேவைக்கு மட்டும் அடித்து, குளிரில் வைத்து, உடனே தீர்த்துவிடும் பண்டம். ஏப்ரல், மே வெயிலில் தள்ளுவண்டி மேல் டப்பாவில் கிடப்பதற்காக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பாரிஸ் பாடம் தேவையில்லை. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மாலையில் தொடக் கூடாது என்று எந்த வீட்டிலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அறிவை வந்த உணவுக்கும் நீட்டினால் போதும்.

கடைக்காரர்களின் மறுப்பு கனமானது. பூண்டு விலை நிலையில்லாதது. 2024 தொடக்கத்தில் கிலோ 400 ரூபாயை எட்டியது. அந்த விலையில் தூம் அரைத்தால் கையைக் கடிக்கும் என்பது உண்மை. அப்படியான மாதங்களில் தயிரும் எள் விழுதும் கலந்த சாஸ் கைகொடுக்கும். முட்டை சேர்க்காத மயோனைசும் கிடைக்கிறது. தூமையும் எலுமிச்சை குறையாமல் சேர்த்து, குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். எண்ணெயில் ஊறும் பச்சைப் பூண்டைச் சூட்டில் போட்டு வைப்பதும் ஆபத்து. லெபனானில் இல்லாத மாற்றங்களைச் செய்தால் அது ஷவர்மா ஆகுமா என்ற கேள்விக்கு மெக்சிகோ பதில் சொல்கிறது. அங்கே குடியேறிய லெபனானியர் கொண்டுபோன அதே செங்குத்துக் கம்பியில் ஆட்டிறைச்சிக்குப் பதில் பன்றியிறைச்சி ஏறி, ‘அல் பாஸ்தோர்’ என்ற உணவாகி, இன்று அந்த நாட்டின் பெருமையாக நிற்கிறது. பொருளும் மசாலாவும் ஊருக்கு ஊர் மாறலாம். வெந்ததைத்தான் சீவ வேண்டும் என்ற விதி மாறக் கூடாது.

அதிகாரிகளின் சோதனை ஒரு துயரத்துக்குப் பிறகு சில வாரம் நடந்து ஓய்ந்துவிடக் கூடாது. கம்பியில் குத்தும் இறைச்சி அன்றைய விற்பனைக்கு மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும், மிஞ்சியது மறுநாள் கம்பியில் ஏறக் கூடாது. ஒரு வெப்பமானி வாங்க முடியாத கடை எதுவும் இல்லை. கடையை நடத்துவோரில் பலர் சிறு முதலீட்டில் பிழைப்பவர்கள். அபராத ரசீதோடு பயிற்சியும் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். ஆனால் எந்தச் சட்டத்தையும் விட வேகமாக வேலை செய்வது வாங்குபவரின் கேள்வி. சாஸில் பச்சை முட்டை இருக்கிறதா, இதை எப்போது அரைத்தீர்கள் என்று பணம் கொடுக்கும் முன் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. நல்ல கடைக்காரர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், அவருடைய உழைப்புக்கு மரியாதை கிடைப்பதே அந்தக் கேள்வியால்தான். பதில் சொல்லத் தயங்கும் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.