நெஞ்சு வலியும் நெஞ்செரிவும்

நெஞ்சு என்னும் சொல் நம் மொழியில் மார்பையும் குறிக்கும். இருதயத்தையும் உள்ளத்தையும் குறிக்கும். சொல்லிலுள்ள இம்மயக்கம் நோயிலும் உண்டு. மண்டைக்காட்டுக் கடற்கரையில் வலை இழுக்கும் முதியவரும், இரவுணவு உண்டவுடன் படுக்கும் அவர் மகனும் ‘நெஞ்சு வலிக்கிறது’ என்றே கூறுவர். ஒருவர்க்கு நோய் இருதயத்தில் இருக்கலாம். மற்றவர்க்கு இரைப்பையின் அமிலத்தால் நேர்ந்திருக்கலாம். இவ்விரண்டையும் பகுத்தறியும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டென்பதை 1824-இல் வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில மருத்துவர் காட்டினார். இரைப்பையின் உட்சுவர் அவ்வமிலத்தைத் தாங்க வல்லது. உணவுக்குழலுக்கோ அத்துணை வன்மை இல்லை. இரண்டிற்கும் இடையேயுள்ள தசை வளையம் தளருமாயின், அமிலம் மேலேறிச் சுடும். இருதயத்தின் உணர்ச்சி நரம்புகளும் உணவுக்குழலின் உணர்ச்சி நரம்புகளும் முதுகுத் தண்டில் ஏறக்குறைய ஒரே பகுதிகளைச் சேர்தலின், வலி எங்கே பிறந்ததென மூளை தெளிய மாட்டாது.

உழைக்கும்போது எழுந்து, ஓய்ந்தால் தணிந்து, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி பெரும்பாலும் இருதயத்தைச் சார்ந்தது. உண்டபின்னும், குனியும்போதும், படுக்கும்போதும் மிகுந்து, புளியேப்பத்தோடு வருவது பெரும்பாலும் அமிலத்தைச் சார்ந்தது. ஆயினும் இக்குறிகளை மட்டும் நம்புதல் தகாது. மகளிர்க்கும் முதியோர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் மாரடைப்பு வெறும் அசீரணம் போலவும் தோன்றும். அமிலம் போக்கும் மருந்தால் வலி தணிந்தது என்பதும் இருதயம் நலமென்பதற்குச் சான்றாகாது.

மண்டைக்காட்டிற்கு அண்மையிலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனை 1838-இல் தோன்றியது. எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் 1922-லும் 1924-லும் சென்ற டாக்டர் சாமர்வெல், அங்கே நெடுங்காலம் பணிபுரிந்து, குடற்புண் நோயாளர் பலர்க்கு அறுவை செய்தார்; இரைப்பை அறுவையைப் பற்றி 1948-இல் நூலொன்றும் வெளியிட்டார். வயிற்று நோய் இவ்வாறு பழகிய நாட்டில், ‘வாயுக் கோளாறு’ என்று சொல்லிச் சோடாவோ ஓமநீரோ அருந்திவிட்டு இருந்துவிடுதல் எளிது. அவ்வெளிமையே அபாயமாம்.

ஆதலின் மருத்துவர் முதலில் இருதயத்தையே ஆராய்வர். ஈ.சி.ஜி. எடுப்பர், இரத்தத்தில் டிரோபோனின் அளவைப் பார்ப்பர். முதற்சோதனை குற்றமின்றியிருந்தும் மாரடைப்பு இருத்தல் கூடுமாதலின், சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பர். இருதயத்தில் நோயில்லை என்று தெளிந்த பின்னரே உணவுக்குழலை நோக்குவர். நெஞ்செரிவும் உடனிருப்பின், அமிலம் குறைக்கும் மருந்தைச் சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பயனைக் காண்பர். நெஞ்செரிவு இல்லாவிடினும், மருந்தால் குணம் காணாவிடினும், எண்டோஸ்கோப்பிக் குழாயால் உட்புறத்தைப் பார்ப்பர். அல்லது மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒருநாள் முழுதும் அமிலத்தை அளப்பர். பி.எச். அளவு 4-க்குக் கீழே நின்ற நேரம் 6 சதவீதத்தைக் கடந்தால் நோய் உறுதியாம். 4 சதவீதத்திற்குக் குறைந்தால் வேறு காரணம் தேடுவர்.

அமிலமே காரணமெனத் தெளிந்தவர்க்கு மாரடைப்பென்னும் அச்சம் நீங்கும். இராவுணவை முன்னதாக உண்ணுதல், தலைமாட்டை உயர்த்திப் படுத்தல், உடற்பருமனைக் குறைத்தல் ஆகியன மருந்தோடு துணை செய்யும். முன்னர் இருதயம், பின்னர் இரைப்பை: இவ்வொழுங்கு மாறாதிருத்தலே உயிர்க்குக் காப்பாம்.