எந்தப் படகுக்கு எந்த மோட்டார்?

மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி. வேணும்?" என்றுதான். பக்கத்துப் படகுக்காரர் 9.9 போட்டிருந்தால் நமக்கு 15 வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். படகின் அடிப்பாகம் எப்படிப்பட்டது, எவ்வளவு பாரம் ஏற்றுவோம், எங்கிருந்து கடலில் இறக்குவோம் என்பதெல்லாம் தெரிந்தால் எண் தானாக வந்துவிடும்.

வலையும் ஐஸும் ஏற்றிய வள்ளமோ ஃபைபர் படகோ தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. அப்படிப் போகும் படகின் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. தண்ணீரில் பதியும் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 25 அடிக்கு 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் பின்பக்கம் அமிழ்ந்து அலை பெரிதாகுமே தவிர, படகு அதற்கு ஏற்றபடி முன்னே போகாது. பெட்ரோல் மட்டும் தீரும்.

தட்டையான அடிப்பாகம் உள்ள இலேசான படகு அப்படியில்லை. போதிய வேகம் வந்ததும் தண்ணீர்மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். ஆள், எரிபொருள், சாமான், மோட்டார் எல்லாம் சேர்ந்த எடையில் 25 கிலோவுக்கு ஒரு ஹெச்.பி. என்பது இதற்கு ஓரளவு சரியான கணக்கு. 1,000 கிலோ என்றால் 40. படகு கட்டியவர் குறித்துக் கொடுத்த உச்ச அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

அடுத்தது தண்டின் நீளம். இதில்தான் ஏமாறுகிறார்கள். மோட்டாரை மாட்டும் பின்பலகையின் உயரத்துக்கு ஏற்ப 15, 20, 25 அங்குலம் என்று தண்டுகள் வருகின்றன. ராமநாதபுரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், 20 அங்குலப் பலகைக்கு 15 அங்குல மோட்டாரை விலை குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்கி மாட்டிவிட்டார். "அண்ணே, மிஷின் கத்துது, போட்டு நகர மாட்டேங்குது" என்று கூப்பிட்டார். கூடவே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு அலை மேட்டிலும் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றில் சுழன்றது. எஞ்சின் அலறும், படகு நிற்கும், மறுபடி கவ்வும். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ அதற்கு ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். அவர் படகில் அந்தத் தட்டு ஐந்து அங்குல அளவுக்கு மேலே நின்றது. ஒரு அளவுநாடா இருந்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

விசிறியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். பிட்ச் 11 என்றால் ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் முன்னேற வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. பாரப் படகுக்குப் பிட்ச் குறைவாகவும், வேகப் படகுக்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். வழக்கமான பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டிச் சுற்று எண்ணிக்கையை அளந்து பாருங்கள். கம்பெனி 5,000 முதல் 6,000 வரை என்று சொல்லியிருக்க, உங்களுடையது 4,400-லேயே நின்றால் எஞ்சின் திணறுகிறது என்று அர்த்தம். பிட்சில் ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும். விசிறி மாற்றினால் தீரும் குறைக்காகப் புது மோட்டாரே வாங்கியவர்கள் உண்டு. அதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

டூ ஸ்ட்ரோக் எடை குறைவு. கரையில் தூக்கிக்கொண்டு போகலாம், ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். பெரும்பாலும் 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் கனமானது, விலையும் கூடுதல். ஆனால் எரிபொருள் மிச்சமாகும், மெதுவாக ஓட்டும்போதும் திக்காது. வலை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஊர்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மண்ணெண்ணெய் மோட்டார் என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மாற்ற வேண்டும். அணைப்பதற்கு முன் மறுபடியும் பெட்ரோலில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.

இடமும் பேசும். சோழமண்டலக் கரையில் துறைமுகம் இல்லாத ஊர்களில், உடையும் அலையைத் தாண்டி மணலிலிருந்தே படகை இறக்க வேண்டும். விசிறியைச் சட்டென்று தூக்க முடியாத மோட்டார் அங்கே ஆகாது. நீளத் தண்டு வைத்த டீசல் எஞ்சின் அந்தக் கரையில் வேரூன்றியதற்கு டீசல் செலவு குறைவு என்பதோடு இதுவும் ஒரு காரணம். பாக் நீரிணையில் அலை குறைவு, ஆழமும் குறைவு. அங்கே தொல்லை கடற்புல்தான். தண்ணீர் உறிஞ்சும் வாயை அது அடைத்துக்கொள்ளும். மோட்டாரின் பின்பக்கம் பீய்ச்சும் நீர்க்கம்பி மெலிந்தால் உடனே அணைத்து, தூக்கிப் புல்லை எடுத்துவிடுங்கள். பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும்.

கடையில் தொட்டித் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வலை, ஐஸ், உடன் வரும் ஆட்கள் எல்லாரோடும் ஒருநாள் உங்கள் கடலில் ஓட்டிப் பார்த்த பிறகு மீதியைத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.