நாக்கும் ஓர் அளவுகருவியா?

ஒரு தம்ளர் தண்ணீரில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது? ஆய்வகத்தில் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அந்தத் தண்ணீர் எவ்வளவு இனிக்கிறது? இதற்குத் தராசோ சோதனைக்குழாயோ விடை கூற இயலாது. மனிதன்தான் சுவைத்துச் சொல்ல வேண்டும்.

தேயிலை, காப்பி, பிஸ்கட், எண்ணெய் முதலிய பொருள்களைச் சுவைத்துத் தரம் கூறும் குழுக்கள் உலகெங்கும் பணியாற்றுகின்றன. இந்த வேலைக்குப் புலனறி மதிப்பீடு என்று பெயர். ஆனால் ஒரே சாம்பாரைச் சுவைத்து, 'உப்புக் கூடுதல்' என்று ஒருவரும் 'உப்புப் போதாது' என்று மற்றொருவரும் சொல்வதை நாம் வீட்டிலேயே கேட்கிறோம். ஆளுக்கு ஆள் மாறும் நாக்கை நம்புவது எப்படி?

வெப்பமானி கற்றுத்தரும் பாடம்

கோடுகள் இடப்படாத ஒரு வெப்பமானியை எண்ணிப் பாருங்கள். சூடேறினால் அதிலுள்ள திரவம் உயரும்; ஆனால் எத்தனை டிகிரி என்று தெரியாது. உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 என்றும், கொதிநீரின் ஆவியில் வைத்து 100 என்றும் குறித்த பிறகே அது அளவுகருவி ஆகிறது.

நாக்குக்கும் இத்தகைய நிலைப்புள்ளிகள் வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் இனிப்பை 15 வரை செல்லும் அளவுகோலில் குறிப்பார்கள். 2 சதவீதச் சர்க்கரைக் கரைசலுக்கு மதிப்பு 2. 5 சதவீதக் கரைசலுக்கு 5. 10 சதவீதக் கரைசலுக்கு 10. சுவைஞர் இவற்றைத் திரும்பத் திரும்பச் சுவைத்து மனத்தில் பதித்துக்கொள்கிறார். பின்னர் ஒரு பழரசத்தைச் சுவைக்கும்போது அந்த நினைவோடு ஒப்பிட்டு எண் தருகிறார்.

தீர்ப்புக் கூறும் நாக்கு

இந்த எண்களுக்குச் சட்டமே மதிப்பளிக்கும் ஒரு பொருள் ஆலிவ் எண்ணெய். ஐரோப்பாவில் 1991-ஆம் ஆண்டின் விதிமுறை, வேதியியல் சோதனைகளுடன் சுவைச் சோதனையையும் கட்டாயம் ஆக்கியது. 8 முதல் 12 பேர் கொண்ட குழு இதைச் செய்கிறது. எண்ணெயின் நிறம் கருத்தை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அடர்நிறக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, ஏறத்தாழ 28 டிகிரி செல்சியசுக்கு வெதுவெதுப்பாக்கித் தருகிறார்கள். சுவைஞர் ஒவ்வொரு குணத்துக்கும் 10 செ.மீ. நீளக் கோட்டில் ஒரு குறி இடுகிறார். எல்லாருடைய குறிகளின் இடைநிலை அளவே குழுவின் முடிவு. குறைகளின் இடைநிலை அளவு சுழியாகவும், பழமணத்தின் அளவு சுழிக்கு மேலும் இருந்தால்தான் எண்ணெய் முதல்தரம் என்ற பெயரைப் பெறும். ஆலை முதலாளியின் வருமானமும், வாங்குகிறவரின் நம்பிக்கையும் இந்தச் சிலரின் நாக்கில் தங்கியுள்ளன!

புதிதாக வருபவர் இங்கே எளிதில் ஏமாறுவார். நல்ல ஆலிவ் எண்ணெய் தொண்டையில் காரமாக உறைக்கும், இருமலும் வரும். அதற்குக் காரணமான பொருளுக்கு 2005-இல் அறிவியலார் ஓலியோகாந்தல் என்று பெயரிட்டார்கள். உறைப்பு ஒரு குறை அன்று, நற்குணம். ஆனால் குவியலாகக் கிடந்து புளித்த காய்களின் வாடை குறையே. இந்த வேறுபாட்டை ஒருவர் எவ்வாறு கற்கிறார்?

உடனே தெரியும் பிழை

பழைய முறையில் எல்லாரும் சுவைத்து எழுதிய பின் கூடிப் பேசுவார்கள். சில வேளை முடிவுகள் மறுநாள்தான் கைக்கு வரும். அதற்குள் சுவையின் நினைவு மங்கிவிடும். 'நேற்று நீங்கள் குறைவாக மதிப்பிட்டீர்கள்' என்பதால் நாக்குக்கு என்ன பயன்?

கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபிண்ட்லேயும் அவருடைய குழுவினரும் கணினியின் உதவியால் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சுவைஞர் திரையிலுள்ள கோட்டில் குறி இட்டவுடன், சரியான விடை அமைய வேண்டிய எல்லை அதே கோட்டில் தோன்றும். கோப்பை இன்னும் கையில்தான் இருக்கிறது. அதை மீண்டும் சுவைத்து, 'இவ்வளவு கசப்புக்கு இந்த இடம்' என்று திருத்திக்கொள்ளலாம். திராட்சை மது சுவைக்கும் குழுக்களுக்கு இம்முறையால் பயிற்சிக் காலத்தைக் குறைக்க முடிந்ததை 2006-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

காட்டப்படுவது ஒரு புள்ளியன்று, ஓர் எல்லை என்பதைக் கவனியுங்கள். மனித நாக்கிடம் அதற்கு மேல் நுட்பத்தை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு: சரியான எல்லை 40 முதல் 50 வரை என்று கொள்வோம். ஒரே கரைசலை மூன்று முறை சுவைத்த முதலாமவர் 20, 21, 20 என்கிறார். இரண்டாமவர் 45, 15, 70 என்கிறார். மூன்றாமவர் 44, 46, 45 என்கிறார். முதலாமவர் தாழ்த்திக் கூறினாலும் மாறாமல் கூறுகிறார். எல்லையைக் காட்டினால் விரைவில் திருந்திவிடுவார். இரண்டாமவர் ஒருமுறை சரியாகச் சொன்னது தற்செயலே. எந்தச் சுவையை மதிப்பிட வேண்டும் என்பதையே அவருக்கு மீண்டும் விளக்க வேண்டும். ஆகவே பிழையின் அளவை மட்டுமல்ல, அதன் வகையையும் பார்க்க வேண்டும்.

திருத்த முடியாதவையும் உண்டு. 1931-இல் அமெரிக்க வேதியியலார் ஆர்தர் ஃபாக்ஸ் பி.டி.சி. என்ற பொருளைக் கையாண்டபோது அதன் தூள் காற்றில் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்சுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை! இவ்வேறுபாடு பிறப்பிலேயே அமைவது. எனவேதான் பயிற்சிக்கு முன்னரே ஆட்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. காட்டப்படும் விடையே தவறானால் குழு முழுவதும் ஒற்றுமையாகத் தவறு செய்யும். தலைவரின் விருப்பம் விடையாகிவிட்டால் மற்றவர்கள் கிளிப்பிள்ளைகள் ஆவார்கள். ஆகவே இயன்ற இடத்தில் நிறுத்து எடுத்துத் தயாரித்த கரைசல்களையே ஒப்பீட்டுக்குக் கொள்ள வேண்டும். உண்மையான மதிப்பீட்டின்போது விடை காட்டக் கூடாது. ஒரே பொருளை வேறு எண்ணிட்டு இருமுறை கொடுத்தும் சோதிக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் உதவியோடு இதை வீட்டில் செய்யலாம். (ஆய்வகத்தில் எதையும் சுவைக்கவே கூடாது.) ஐந்து பாத்திரங்களில் அரை லிட்டர் வீதம் காய்ச்சி ஆறிய நீர் எடுத்து, முறையே 1, 2, 3, 4, 5 தேக்கரண்டி சர்க்கரையைத் தலைதட்டி அளந்து கரையுங்கள். பாத்திரங்களுக்கு 372, 815 என்பதுபோல் மூன்றிலக்க எண் இடுங்கள். நண்பர் ஒரு வாய் சுவைத்து, எத்தனை தேக்கரண்டி என்று மதிப்பிடட்டும். ஒவ்வொரு முறையும் வெறும் நீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

முதல் சுற்றில் விடையைச் சொல்லாதீர்கள். இரண்டாம் சுற்றில் உடனுக்குடன் சொல்லி, மீண்டும் சுவைக்கச் செய்யுங்கள். மூன்றாம் சுற்றில் எண்களை மாற்றிவிட்டு, விடை சொல்லாமல் கேளுங்கள். முதல் சுற்றின் பிழைகளையும் மூன்றாம் சுற்றின் பிழைகளையும் கூட்டி ஒப்பிடுங்கள். பிழை குறைந்திருந்தால், இடையில் நாக்கு மாறிவிடவில்லை. அதற்கு அளவுக்கோடுகள் கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான்!