இரு கட்சி அதிபர்களும் நம்பிய தூதர்

அமெரிக்காவில் அதிபர் மாறினால் தூதர்களும் மாறுவார்கள். வெளியுறவுத் துறையில் படிப்படியாக உயர்ந்தவர்கள் தப்பிக்கலாம். அரசியல் வழியே பதவிக்கு வந்தவர்கள் ராஜினாமா கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 1981 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் போய், குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் வந்தபோது டோக்கியோவில் அது நடக்கவில்லை. கார்ட்டர் நியமித்த மைக் மான்ஸ்ஃபீல்டையே தொடரச் சொன்னார் ரீகன். 1977 முதல் 1988 வரை அவர் அங்கே இருந்தார். ஜப்பானில் வேறெந்த அமெரிக்கத் தூதரும் அத்தனை காலம் பணியாற்றியதில்லை.

அவர் 1903இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, மொன்டானா மாநிலத்தில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். முதல் உலகப் போரின்போது வயதை மறைத்துக் கடற்படையில் சேர்ந்துவிட்டார். அப்போது பதினைந்துகூட நிரம்பவில்லை. பிறகு தரைப்படை, அதன்பின் மரைன் படை. அந்தப் படைதான் அவரைப் பிலிப்பைன்ஸுக்கும், கொஞ்ச நாள் சீனாவுக்கும் கொண்டுபோனது. ஆசியா மீதான ஈடுபாடு அங்கே தொடங்கியது.

ஊர் திரும்பியவர் பியூட் நகரின் தாமிரச் சுரங்கத்தில் கூலி வேலை பார்த்தார். எட்டாம் வகுப்போடு நின்றிருந்த அவரைப் படி படி என்று துரத்தியவர் மொரீன் ஹேய்ஸ் என்ற பள்ளி ஆசிரியை. பின்னாளில் அவரையே மணந்தார். அதே மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அங்கேயே தூரக் கிழக்கு நாடுகளின் வரலாற்றைக் கற்பித்தார். 1942இல் பிரதிநிதிகள் சபைக்கும், பத்தாண்டு கழித்து செனட்டுக்கும் தேர்வானார்.

1961 முதல் 1977 வரை செனட்டில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் அவர்தான். முன்பு அந்த இடத்தில் இருந்த லிண்டன் ஜான்சன் உறுப்பினர்களை மிரட்டியும் கெஞ்சியும் காரியம் சாதித்தவர். மான்ஸ்ஃபீல்ட் எல்லா உறுப்பினரையும் சமமாக நடத்தினார். 1964இல் கறுப்பின மக்களின் சமவுரிமைக்கான மசோதாவைத் தென்மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே முடக்கினார்கள். அந்த விவாதத்தை முடித்துவைக்க எதிர்க்கட்சியின் ஓட்டும் தேவைப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனை முன்னே நிறுத்தி, பெயரையும் புகழையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார் மான்ஸ்ஃபீல்ட். 71க்கு 29 என்ற கணக்கில் வாக்கெடுப்பில் வெற்றி கிடைத்தது. என் பார்வையில், அவருடைய ராஜதந்திரம் டோக்கியோவில் அல்ல, இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

வியட்நாம் போர் விஷயத்தில் தன் கட்சி அதிபர்களையே எதிர்த்தார். கென்னடி கேட்டுக்கொண்டதால் 1962இல் அங்கே போய்வந்தவர், அமெரிக்கா போகும் பாதை சரியில்லை என்று அவரிடமே அறிக்கை கொடுத்தார்.

ஜப்பானில் அவருக்கு வந்த கடும் சோதனை 1981 ஏப்ரலில். அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று மோதி 'நிஷ்ஷோ மாரு' என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பல் மூழ்கியது, இருவர் இறந்தனர். மோதிய நீர்மூழ்கி மாலுமிகளைக் காப்பாற்றாமலே போய்விட்டது. ஜப்பான் அரசுக்குத் தகவல் சொல்லவே ஒரு நாளுக்கு மேல் ஆனது. நாடே கொதித்தது. விசாரணை அறிக்கையை வெளியுறவு அமைச்சரிடம் கொடுக்கும்போது மான்ஸ்ஃபீல்ட் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். வல்லரசின் தூதர், அதிலும் எழுபத்தெட்டு வயது முதியவர், அப்படிக் குனிந்ததை ஜப்பானியர்கள் உண்மையான வருத்தமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எண்பதுகளில் ஜப்பானியக் கார்களும் மின்னணுச் சாதனங்களும் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன. 1987இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் உறுப்பினர்கள் தோஷிபா வானொலிப் பெட்டியைச் சம்மட்டியால் உடைத்தார்கள். மான்ஸ்ஃபீல்டோ ஜப்பானிடம் சந்தையைத் திறந்துவிடச் சொன்னார்; அமெரிக்கர்களிடம், உங்கள் பட்ஜெட் பற்றாக்குறையையும் பாருங்கள் என்றார். ஜப்பான் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற குறை வாஷிங்டனில் எழுந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இரு தரப்புக்கும் பிடிக்காததைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இனி தேர்தலில் நிற்க வேண்டியதில்லை என்ற நிலையிலிருந்த அவரால் அதைச் சொல்ல முடிந்தது. தொழில்முறைத் தூதர் தலைநகரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். இவர் சொன்னாலோ, பழைய செனட் சகாக்களும் அதிபரும் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

டோக்கியோவுக்குப் பெரிய அரசியல்வாதிகளை அனுப்பும் வழக்கம் அவருக்குப் பின் வலுத்தது. முன்னாள் துணை அதிபர் வால்டர் மண்டேல், முன்னாள் சபாநாயகர் டாம் ஃபோலி, செனட்டில் மான்ஸ்ஃபீல்ட் வகித்த அதே தலைமைப் பதவியில் இருந்த ஹோவர்ட் பேக்கர் ஆகியோர் அடுத்தடுத்து அங்கே தூதர்களாகப் போனார்கள்.