ஒரு பாடகரின் மரணமும் செய்தி உலகமும்

2009-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மைக்கேல் ஜாக்சன் தமது 50-ஆவது வயதில் காலமானபோது, அதுகாறும் தேர்தல் முடிவை எதிர்த்து டெஹ்ரான் வீதிகளில் திரண்டு நின்ற ஜனங்களைப் பற்றியே பிரதானமாகப் பேசிவந்த அமெரிக்கத் தொலைக்காட்சிகளில், ஈரான் என்றொரு தேசமே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. அதே தினம் காலையில் மறைந்த நடிகை ஃபாரா ஃபாசெட்டுக்கும், பாவம், சில மணி நேர அனுதாபமே கிட்டியது.

ஜாக்சனைப் பற்றித் திடீரெனப் பெருகிய தேடல்களைக் கண்டு, யாரோ விஷமிகள் தாக்குகிறார்கள் என்றே கூகுள் நிறுவனம் முதலில் கருதியதாம். ஆகவே ஜனங்களின் ஆவல் மெய்யானதே. ஆயினும், சவத்தைச் சுமந்து சென்ற ஹெலிகாப்டரை வேறொரு ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்துக் காட்டுவதில் என்ன செய்தி இருக்கிறது?

விநோதம் யாதெனில், சிறுவனொருவனிடம் தகாத முறையில் நடந்ததாகத் தொடரப்பட்டு, 2005-இல் சகல குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர் விடுதலையான அந்த வழக்கின்போது அவரை ஓயாமல் பரிகசித்த ஊடகங்களே, ஜூலை 7 அன்று ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தைப் பரம பக்தியுடன் ஒளிபரப்பின. அவரது மரணத்துக்குக் காரணமான புரோபோஃபோல் என்னும் மயக்க மருந்தை வீட்டுப் படுக்கையறையில் வைத்தே ஒரு வைத்தியர் எவ்வாறு செலுத்த முடிந்தது என்ற, பொதுநலம் சார்ந்த கேள்விக்கு, 2011-இல் அந்த வைத்தியர் குற்றவாளியென்று தீர்ப்பானபோதுகூட, அத்தனை சிரத்தை வாய்த்ததாகத் தோன்றவில்லை.